எதுவரை படித்தார்கள் என்பது எனக்குத் தெரியும்

சாஃப்ட்வேர் கம்பெனிகள் இருக்கும் மாதாப்பூரில் இன்று கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பத்துப் பேரை, இருபது பேரை வேலை வாங்குகிறவர்களில் பல பேருக்கு, வேலை வாங்குவது எப்படி என்று சொல்லும் புத்தகத்தை எடுத்துக் கையில் கொடுத்தவன் நான். நான் ஏழாம் வகுப்பில் தோற்றவன். இங்கிலீஷில் புத்தகத்தின் தலைப்பை எழுத்துக்கூட்டிப் படிப்பேன். அதற்கு மேலே போனால் கண் கட்டிவிடும். அப்படிப்பட்டவன் பதினான்கு வருஷம் இன்ஜினியர்களுக்குப் புத்தகம் சிபாரிசு செய்தேன், செய்து ஜெயித்தேன். பெருமைக்குச் சொல்கிறாயா என்று கேட்டால், ஆமாம், பெருமைக்குத்தான்.

தமிழ்ச் சங்க மலருக்கு ஏதாவது எழுதுங்கள் என்று நம் செயலாளர் மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் பிடி கொடுக்கவில்லை. போன மாதம் எங்கள் பழைய கடைக்குப் போயிருந்தேன். இப்போது விற்பனையில் இருக்கும் பிள்ளைகளில் ஒருவன், "இப்பல்லாம் ஆளே வேணாம் சார். இந்தப் புக் வாங்கினவங்க அந்தப் புக்கும் வாங்கினாங்கன்னு கம்ப்யூட்டரே சொல்லிடுது" என்றான். வாங்கினார்கள், சரி. படித்தார்களா? எதுவரை படித்தார்கள்? அதை எந்தக் கம்ப்யூட்டர் சொல்லும்? வீட்டுக்கு வந்ததும் பேனாவை எடுத்துவிட்டேன்.

பிறந்தது லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா ஒர்க்ஷாப்பில் கலாசி, சாமான் தூக்கிக் கொடுக்கும் வேலை, பூர்வீகம் அரக்கோணம் பக்கம். பள்ளிக்கூடம் என்னை விட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் ஆபிட்ஸ் நடைபாதையில் பழைய புத்தகம் விரித்தேன். அப்புறம் பேகம்பேட்டில் சேஷகிரி சாரின் புத்தக ஏஜென்சியில் கோடவுன் வேலை. கட்டு பிரிப்பது, கட்டு கட்டுவது, அடுக்குவது. இதில் பன்னிரண்டு வருஷம் போயிற்று. அதை இரண்டு வரியில் முடித்துவிட்டேன் என்று பார்க்காதீர்கள். தோள்பட்டையைக் கேட்டால் அது இரண்டு நாள் பேசும்.

சேஷகிரி சாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். குஷாய்குடாவில் இருக்கும் பெரிய அரசாங்கத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் ஆபீசராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்து ஏஜென்சி வைத்தவர். கம்பெனி நூலகங்களுக்குப் புத்தகம் சப்ளை செய்வதுதான் தொழில். ஆள் ஒல்லி, கும்பகோணத்துப் பேச்சு. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். பாராட்டு என்று ஒன்று அவர் அகராதியிலேயே கிடையாது. எல்லாம் சரியாக இருந்தால் "ம்" என்பார். அந்த ஒரு "ம்" கிடைத்த நாளில் நான் வீட்டுக்கு மல்லிகைப் பூ வாங்கிக்கொண்டு போவேன்.

கம்பெனி நூலகங்கள் வருஷத்துக்கு ஒருமுறை பழைய பிரதிகளைத் திருப்பிக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு எங்களிடம் இருந்தது. திரும்பி வருவதில் முக்கால்வாசி தலைமைப் பண்பு, தன்னம்பிக்கை, முன்னேற்றம், இந்த வகைதான். அதையெல்லாம் பிரித்து அடுக்குவது என் வேலை. அடுக்கி அடுக்கி ஒரு விஷயம் என் கைக்குத் தெரிந்துபோயிற்று. புத்தகத்தை மூடி, பக்கங்களின் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். படித்த பக்கங்களின் ஓரம் கொஞ்சம் மங்கிப்போய், காற்று புகுந்ததுபோல் தளர்ந்திருக்கும். படிக்காத பக்கங்கள் வெள்ளை வெளேர் என்று செங்கல் மாதிரி இறுகி நிற்கும். இரண்டும் சேருகிற இடத்தில் ஒரு கோடு தெரியும். முதுகிலும் அதே இடத்தில் ஒரு மடிப்பு. படிக்கிறவன் கீழே வைத்த இடம் அது.

ஒருநாள் சேஷகிரி சார் கோடவுனுக்கு வந்தார். நான் அடுக்கியிருந்ததைப் பார்த்தார்.

"என்னய்யா வரிசை இது? பேர் வரிசையும் இல்லே, கம்பெனி வரிசையும் இல்லே."

"படிச்ச தூரத்து வரிசை சார்."

"என்னது?"

"இந்தப் பக்கம் முழுசா படிச்சது. நடுவுல பாதி படிச்சது. அந்தக் கோடியில இருக்கறதெல்லாம் முன்னுரையோட செத்துப்போனது."

கண்ணாடியைக் கழற்றுவார் என்று பயந்தேன். அவர் நடு அடுக்கிலிருந்து ஒரே புத்தகத்தின் நாலைந்து பிரதிகளை எடுத்து, விரித்து, என் முன்னால் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். ஸ்டோர்ஸ் ஆபீசர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அரை மணி நேரம் புரட்டினார்.

"இந்த நாப்பதாம் பக்கத்திலே என்ன இருக்கு பார். வட்டம் போட்டு, அதுக்குள்ளே வட்டம் போட்டு, நாலு அம்புக்குறி. எல்லாரும் இங்கேதான் நிறுத்தியிருக்கா."

"எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது சார். ஆனா வட்டமும் அம்பும் வந்தா நிறுத்திடறாங்கன்னு தெரியும்."

"ம்" என்றார். அன்றைக்குப் பூ வாங்கினேன். அடுத்த மாதம், தொண்ணூற்றொன்பதாம் வருஷம், அவர் என்னை ஒரு தோல் பையோடு மாதாப்பூருக்கு அனுப்பினார்.

அப்போது அங்கே பாதி பாறை, பாதி கட்டடம். கம்பெனிக் கேன்டீனுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டுக் கொடுப்பார்கள். வருகிறவனிடம், "இது ரொம்ப நல்ல புத்தகம்" என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அது சார் போட்ட கட்டளை. "நல்ல புஸ்தகம்னு சொல்லாதே. யாருக்கு நல்லதுன்னு சொல்லு. யாருக்குன்னு தெரியலைன்னா வாயை மூடிண்டு கேளு." அதனால் நான் கேட்பேன். நேற்று வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனீர்கள்? பஸ்ஸா, பைக்கா? உங்கள் டீமை விட்டுக் கடைசியாகப் போனவர் போகும்போது என்ன சொன்னார்? எந்தப் புத்தகத்தைப் பாதியில் வைத்தீர்கள்? இதை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் பைக்குள் கை விடுவேன். இரண்டு புத்தகத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். திரும்பி வரும்போது எதை நடுப்பக்கத்தில் திறந்து வைத்திருக்கிறாரோ, அதுதான் அவர் புத்தகம்.

புத்தகத்துக்குள் இருப்பது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். முழுசாகப் படித்துவிட்டு வருகிறவரை விடமாட்டேன். டீ வாங்கிக் கொடுத்துக் கதையைச் சொல்லச் சொல்வேன். வீட்டுக்கு வந்து தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். எனக்கென்று பெயரும் வைத்துக்கொள்வேன். ஒன்று 'கப்பல் புத்தகம்', ஒன்று 'ஆறு மணிக்கு எழுந்திரு புத்தகம்'. கோடிட்ட இடத்தை நிரப்பச் சொல்லும் புத்தகங்கள் உண்டு, அவற்றில் மூன்று நாளுக்கு மேல் யாரும் நிரப்பியதில்லை. இன்னொன்றும் கண்டுபிடித்தேன், இது எந்தப் பேராசிரியருக்கும் தெரியாது. மாதாப்பூரில் கம்பெனி பஸ் ஏறி தார்நாகாவில் இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம் முடிகிறதா, அந்தப் புத்தகம் முழுசாகப் படிக்கப்படும். முடியவில்லையா, பாதியில் நின்றுவிடும்.

இப்படி ஆறேழு வருஷம் ராஜா மாதிரி இருந்தேன். 'ஏழுமலை காரு வந்தாரா' என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். அப்போதுதான் எங்களிடம் புத்தகம் வாங்கும் பெரிய கம்பெனி ஒன்றில் டிரெய்னிங் ஹெட்டாக பாட்டியா என்று ஒருவர் டெல்லிப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தார். நல்ல உயரம், வெள்ளைச் சட்டை, வேகமான நடை. முதல் நாளே என் மேசைக்கு வந்து நின்றார்.

"இங்கே சிபாரிசு செய்வது யார்?" என்று இந்தியில் கேட்டார்.

"நான்தான் சார்."

"எவ்வளவு படித்திருக்கிறாய்?"

"சாத்வீன் ஃபெயில் சார்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடப் பரவாயில்லை. பக்கத்தில் இருந்தவரிடம், "எம்.டெக். படித்தவனுக்கு ஏழாவது ஃபெயில் புத்தகம் சொல்கிறாரா?" என்றார். மறுநாள் சேஷகிரி சாருக்கு போன் வந்தது. சிபாரிசு இனிமேல் டிரெய்னிங் டிபார்ட்மென்ட் செய்யும், ஏஜென்சியிலிருந்து ஒரு பட்டதாரியை அனுப்புங்கள் என்று. அந்தக் கம்பெனி செய்வதைத்தான் மாதாப்பூரில் மற்ற கம்பெனிகளும் செய்யும். அங்கே என் மேசை போனால் எல்லா இடத்திலும் போகும்.

சார் என்னைக் கூப்பிட்டார். "ஏழுமலை, ஒண்ணாந்தேதியிலேர்ந்து நீ பழையபடி கோடவுனைப் பாத்துக்கோ."

எனக்கு அப்போது ஐம்பது வயது. மறுபடியும் கட்டு தூக்குவதா? "சார், அவருக்கு என் படிப்பு தெரிஞ்சிருக்கு, என் வேலை தெரியலையே" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டிக்கொண்டார். "சரி. அவர்ட்ட ஒரு சான்ஸ் கேக்கறேன். ஒண்ணே ஒண்ணு. தோத்தா வாயைத் திறக்காம கோடவுனுக்குப் போகணும்."

"போறேன் சார்."

ஏற்பாடு இதுதான். டீம் லீடர்கள் பன்னிரண்டு பேர். பாட்டியா சார் தன் பட்டியலில் முதலிடத்தில் இருந்த தடிப் புத்தகம் ஒன்றைப் பன்னிரண்டு பேருக்கும் கொடுப்பார். நான் ஒவ்வொருவரிடமும் பேசி ஆளுக்கு ஒன்று கொடுப்பேன். ஐந்து வாரம் கழித்து எல்லாப் புத்தகமும் கான்ஃபரன்ஸ் அறைக்கு வரவேண்டும். எது பயன்பட்டது என்று அங்கே முடிவு.

பதினோரு பேரிடம் என் முறைப்படி கேட்டேன், கொடுத்தேன். பன்னிரண்டாவது ஆளிடம் சறுக்கினேன். அந்தப் பெண்ணின் பெயர் வித்யா. அவள் டீமில் ஒன்பது பேர் இருந்தார்கள், நான்கு மாதத்தில் நான்கு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். இன்னும் ஒருவர் போனால் அவளை லீடர் பதவியிலிருந்து இறக்கிப் பழையபடி புரோகிராம் எழுத உட்கார வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன செய்தேன்? பெயர் அட்டையில் தமிழ்ப் பெயர் மாதிரி இருந்தது.

"தமிழாம்மா? எந்தப் பக்கம்?"

"அப்பா திருவண்ணாமலை, அங்கிள். நான் குஷாய்குடா. தமிழ் புரியும், பேசறது கொஞ்சம்... யூ நோ."

அவ்வளவுதான். கேள்விகளை எல்லாம் மறந்துவிட்டேன். அப்பா அந்தத் தொழிற்சாலையில் எந்த செக்ஷன், சேஷகிரி சாரைத் தெரியுமா, அம்மா எந்த ஊர், குலதெய்வத்துக்குப் போவதுண்டா என்று கால் மணி நேரம் உறவு விசாரித்தேன். நடுவில் அவளுக்கு ஒரு போன் வந்தது. "வதிலேய்! நேனே சேஸ்தா!" என்று தெலுங்கில் கத்திவிட்டு வைத்தாள். ஓஹோ, வாய்த் துடுக்கு, அதனால்தான் ஆட்கள் ஓடுகிறார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். கோபத்தை அடக்கிப் பேசுவது எப்படி என்று சொல்லும் புத்தகம் ஒன்றைக் கொடுத்துவிட்டு எழுந்தேன்.

ஒரு வாரத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டாள். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவது எங்கள் கடை வழக்கம்.

"இது நக்கோ அங்கிள். நாட் மை ப்ராப்ளம்."

நக்கோ என்றால் எங்கள் ஊர் இந்தியில் வேண்டாம் என்று அர்த்தம். ஓரத்தைப் பார்த்தேன். பதினோராம் பக்கம். அதற்கு மேல் செங்கல். எனக்கு முகம் சுண்டிவிட்டது. சாதாரணமாகப் பதினோராம் பக்கத்தில் நிற்கிற புத்தகத்தை நான் யாருக்கும் கொடுக்கிறவன் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"உக்காரும்மா. நேத்து வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போனே?"

"பத்தரை இருக்கும்."

"உன் டீம்?"

"அவங்க ஆறரை பஸ்ல போயிட்டாங்க."

"நீ மட்டும் ஏன் இருந்தே?"

"அவங்க கோட்ல மிஸ்டேக்ஸ் இருந்துச்சு. அவங்களுக்குச் சொல்லி, அவங்க பண்ணி... டைம் வேஸ்ட் அங்கிள். நானே பண்ணிட்டேன்."

"போன நாலு பேர் போகும்போது என்ன சொன்னாங்க?"

"இங்க கத்துக்க ஒண்ணும் இல்லைன்னு ஒருத்தன் சொன்னான்" என்றாள். அதைச் சுத்தமான தமிழில் சொன்னாள்.

அப்போதுதான் போனில் அவள் கத்தியது எனக்கு உறைத்தது. வதிலேய், நேனே சேஸ்தா. விட்டுவிடு, நானே செய்துகொள்கிறேன். நான் பிறந்ததிலிருந்து தெலுங்கு கேட்கிறவன். கத்தியதைக் கவனித்தேன், என்ன சொல்லிக் கத்தினாள் என்பதைக் கவனிக்கவில்லை. நம்ம ஊர்ப் பெண் என்ற சந்தோஷத்தில் கேட்க வேண்டியதை விட்டுவிட்டு ஊரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். வேற்று ஊர்க்காரர் பதினோரு பேரிடமும் இந்தத் தப்பு நடக்கவில்லை பாருங்கள்.

பையில் ஒரு மெல்லிய புத்தகம் இருந்தது. என் நோட்டில் அதன் பெயர் 'கரண்டிப் புத்தகம்'. ஒரு பெரிய ஹோட்டலின் தலைமைச் சமையல்காரர் எழுதியது. எல்லாச் சட்டியிலும் அவரேதான் உப்புப் போடுவார். ஒருநாள் கை முறிந்து கட்டுப் போட்டார்கள். கரண்டியை அடுத்தவன் கையில் கொடுத்தே தீரவேண்டிய நிலைமை. கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா நிற்க அவர் கற்றுக்கொண்ட கதை.

"குக்கிங் புக்கா அங்கிள்?"

"சமையல் குறிப்பு ஒண்ணுகூடக் கிடையாது. ஒவ்வொரு அத்தியாயமும் தார்நாகா வர்றதுக்குள்ள முடிஞ்சிடும். ஆனா ஒண்ணு. ஆறரை பஸ்ல ஏறினாத்தான் படிக்க முடியும்."

என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "யூ ஆர் வெரி கன்னிங், அங்கிள்" என்றாள்.

ஐந்து வாரம் முடிந்தது. கான்ஃபரன்ஸ் அறையில் நீள மேசை. ஒரு பக்கம் தடிப் புத்தகம் பன்னிரண்டு, இன்னொரு பக்கம் நான் கொடுத்தவை பன்னிரண்டு. சுற்றிலும் டீம் லீடர்கள். சேஷகிரி சார் மூலையில் ஒரு நாற்காலியில், கைகளை மடியில் வைத்துக்கொண்டு. பாட்டியா சார் கையில் கத்தையாகக் காகிதம். ஒவ்வொரு புத்தகத்தைப் பற்றியும் டீம் லீடர்கள் நிரப்பிக் கொடுத்த படிவம்.

"ரிசல்ட் வந்துவிட்டது" என்றார். "என் புத்தகத்தைப் பன்னிரண்டு பேரும் முழுக்கப் படித்து, மிகச் சிறப்பு என்று எழுதியிருக்கிறார்கள். உங்கள் புத்தகங்களையும் படித்திருக்கிறார்கள், நன்று என்று எழுதியிருக்கிறார்கள். வருத்தப்படாதீர்கள், நீங்களும் மோசமில்லை. ஆனால் முறை என்று ஒன்று வேண்டும்."

சுற்றிப் பார்த்தேன். பன்னிரண்டு பேரும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். சம்பள உயர்வுக்குக் கையெழுத்துப் போடுகிற கூட்டத்தில் இருக்கும் டிரெய்னிங் ஹெட்டிடம், உன் புத்தகத்தைப் படிக்கவில்லை என்று எவன் எழுதிக் கொடுப்பான்? இப்போது நான் நிரூபித்தால் இந்தப் பிள்ளைகள் பொய்யர்கள் ஆவார்கள். நிரூபிக்காவிட்டால் நான் கோடவுனுக்குப் போவேன்.

ஒரு வழி தோன்றியது. பெயர்கள் உள்ளே முதல் பக்கத்தில்தான் ஒட்டியிருந்தன.

"சார், ஒரு நிமிஷம். நான் புத்தகத்தைத் திறக்க மாட்டேன். யாரோடதுன்னு எனக்கும் தெரிய வேணாம், உங்களுக்கும் தெரிய வேணாம்" என்று சொல்லி, தடிப் புத்தகங்களைச் சீட்டு மாதிரிக் கலைத்து அடுக்கினேன். முதலாவதை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் ஓரத்தைப் பிடித்தேன். "இது முப்பத்தெட்டு பக்கம்." அடுத்தது. "இதுவும் முப்பத்தெட்டு கிட்ட. அங்கே வட்டமும் அம்பும் இருக்கணும்." அடுத்தது. "இது முன்னுரை." அடுத்தது. "இது மேசை மேலே டீ கப்புக்கு மூடியா இருந்திருக்கு, அட்டையிலே வளையம் பாருங்க." அறையின் அந்தக் கோடியில் யாரோ இருமினார்கள். பன்னிரண்டையும் சொல்லி முடித்தேன். ஒன்றுகூட நூறாம் பக்கத்தைத் தொடவில்லை.

பிறகு என் பக்கத்துப் புத்தகங்கள். ஒன்பது முழுசு. மூன்று பாதிக்கு மேல். கடைசியாக என் பையிலிருந்து கோபத்தை அடக்கும் புத்தகத்தை எடுத்து நானே மேசைமேல் வைத்தேன். "இது பதினோராம் பக்கம். இது என் தப்பு. தப்பான ஆளுக்குக் கொடுத்தேன், மாத்திக் கொடுத்தேன்." என் தப்புக்கும் ஆதாரத்தோடு வந்து நின்றவன் நான் ஒருவன்தான்.

பாட்டியா சார் நாற்காலியில் சாய்ந்தார். "நல்ல வித்தை. ஆனால் இது ஊகம். என்னிடம் கையெழுத்துப் போட்ட படிவம் இருக்கிறது. இவர் சொல்வது சரி என்று இங்கே யாராவது சொல்வார்களா?"

நான் சேஷகிரி சாரைப் பார்த்தேன். அவர் கை கண்ணாடிக்குப் போனது.

நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. வித்யா எழுந்து நின்றாள். இருக்கிற பதவியே ஆடிக்கொண்டிருக்கிற பெண்.

"சார், அந்த டீ கப் ஒன் இஸ் மைன்" என்றாள். "ஃபார்ம்ல பொய் எழுதினேன். பதினோராம் பக்கமும் நான்தான்." கரண்டிப் புத்தகத்தை எடுத்து உயர்த்திக் காட்டினாள். "இதை ரெண்டு தடவை படிச்சேன். நாலு வாரமா ஆறரை பஸ்ல போறேன். அதுக்கப்புறம் என் டீமை விட்டு யாரும் போகலை."

பாட்டியா சார் கலைந்து கிடந்த அடுக்கிலிருந்து வளையம் விழுந்த புத்தகத்தை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்தார். வித்யா என்றுதான் ஒட்டியிருந்தது.

அவ்வளவுதான், மடை திறந்தது. "முன்னுரை நான் சார்" என்றான் ஒரு தெலுங்குப் பையன். "முப்பத்தெட்டு நேனு, அண்ணா செப்பின வட்டம் அக்கடே உந்தி" என்று இன்னொருவன், நான் சொன்ன வட்டம் அங்கேயே இருக்கிறதாம். ஒரு பெரிய மீசைக்காரர், "சார், நான் தூங்கறதுக்காகவே அதைத் திறப்பேன், ரெண்டு பக்கத்துல தூக்கம் கேரண்டி" என்றதும் அறையே சிரித்தது.

பாட்டியா சார் சிரிக்கவில்லை. தன் பையைத் திறந்து அதே தடிப் புத்தகத்தின் இன்னொரு பிரதியை எடுத்து என் முன்னால் தள்ளினார். அவருடைய சொந்தப் பிரதி.

"இதையும் சொல்."

சிரிப்பு நின்றது. நான் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பிடித்ததும் தெரிந்துவிட்டது. 'முழுசு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர் குளிர்ந்துவிடுவார், என் மேசை பிழைக்கும். சேஷகிரி சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், இதைத் தனியா சொல்றேனே."

"நக்கோ" என்றார். இங்கே வந்து அவர் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அதுதான் போலிருக்கிறது. "இங்கேயே சொல்."

சொன்னேன். "முதல் ரெண்டு அத்தியாயம் படிச்சிருக்கு. கடைசி அத்தியாயமும் படிச்சிருக்கு. நடுவுல புத்தகம் புதுசு சார்."

புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கினார். நான் பிடித்த மாதிரியே ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். இப்படியும் அப்படியும் திருப்பினார். கொஞ்ச நேரம் பார்த்தார். அப்புறம் அந்த உயரமான மனிதர் மேசையைத் தட்டிக்கொண்டு சிரித்தார் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வருகிறவரை சிரித்தார்.

"சஹி பக்டா" என்றார். சரியாகப் பிடித்தாயே என்று. படிவங்களைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டார். "ஆறு வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏழுமலைஜி, உங்கள் மேசை அதே இடத்தில் இருக்கட்டும். நாளைக்கு முதல் ஆளாக நான் வருகிறேன்." வித்யாவைப் பார்த்து, "பொய் எழுதியதை எழுந்து நின்று சொல்கிற லீடரை நான் இறக்க விடமாட்டேன்" என்றார்.

திரும்பி வரும்போது சேஷகிரி சாரின் பழைய மாருதி வேனில் முன் சீட்டில் உட்கார்ந்தேன். எனக்குத் தரையில் கால் படவில்லை. ஏதாவது சொல்வார், சொல்வார் என்று பார்த்துக்கொண்டே வந்தேன். ஜூபிலி ஹில்ஸ் தாண்டியது, பஞ்சாகுட்டா தாண்டியது. மனிதர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பொறுக்க முடியாமல் நானே கேட்டேன்.

"சார், அவரோட புத்தகத்தை அப்படிச் சொன்னது தப்பா?"

சிவப்பு விளக்கில் வண்டியை நிறுத்தினார்.

"அந்தப் பதினோராம் பக்கப் புஸ்தகத்தை நீ எதுக்குய்யா எடுத்துண்டு வந்தே? அதை யாரும் கேக்கலையே."

"நான் கேட்டேன் சார். எனக்கு உறுத்திச்சு."

விளக்கு பச்சையானது. வண்டியை எடுத்தார்.

"கோடவுனுக்கு வேற ஆள் பாக்கணும்" என்றார்.

அதற்குப் பிறகு நான் ஓய்வு பெற்ற நாள்வரை கோடவுனுக்குள் போனதெல்லாம், அடுத்த ஆளுக்கு வேண்டிய புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே வருவதற்காக மட்டும்தான்.